அவசரக் கடன்

மாடிப்படிக்குக் கீழே, விளக்குமாற்றுக்கும்
வீட்டுக்காரர் விட்டுப்போன பெயின்ட் டப்பாவுக்கும் நடுவே
மீட்டர்.
நீலப் பிளாஸ்டிக் சாவியைச் செருகினால்
பச்சை எழுத்தில் பேசும்.
இன்று 0.41 என்கிறது.
நாற்பத்தொரு பென்ஸில்
குளிக்கலாம், இல்லையேல் கெட்டில் போடலாம்.
இரண்டும் ஆகாது.

தீர்ந்துபோனால் அவசரக் கடன் ஐந்து பவுண்டு.
கையெழுத்து வேண்டாம், ஜாமீன் வேண்டாம்.
மறுநாள் ஹெஸ்ஸல் ரோட்டுக் கடையில் பத்துப் போட்டால்
ஐந்தை அது முதலில் எடுத்துக்கொள்ளும்.
பிறகு நாள்வாடகை:
ஒரு விளக்கும் போடாத நாளுக்கும் உண்டு,
இணைப்பில் இருப்பதற்கான காசு.
மிச்சத்தில்தான் வெளிச்சம்.

ஞாயிறு பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன்.
எழுந்தபோதும் கண் எரிந்தது.
அந்தத் தூக்கத்தை
எந்த வாரத்துக் கடனுக்கு வரவு வைத்தார்களோ.

ஹல் நகரில் என் பெயர் சில்லா.
பிரிஸ்கில்லா என்று முழுசாய்க் கூப்பிட
பதினைந்து நிமிட வருகையில் இடமில்லை.
மாத்திரை, பேட், தேநீர், டோஸ்ட்,
கோப்பில் நாலு வரி, மறுபடி கார்.
அடுத்த கதவுக்கு ஒன்பது நிமிடம்.
அந்த ஒன்பதுக்குச் சம்பளம் கிடையாது.

போன வியாழன் மிஸஸ் எல்லர்பியின் டோஸ்ட்டில்
வெண்ணெய் தடவினேன். மறுபடி தடவினேன்.
மூன்றாம் முறை அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
கோப்பில் எழுதினேன்:
'சாப்பிட்டார். தூங்கினார். உற்சாகமாக இருக்கிறார்.'
யாரைப் பற்றி என்று பேனா நின்றது.

வெளியே ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி.
வெண்ணெய் நிறத் தொலைபேசிக் கூண்டருகே நிறுத்தி
அடுத்த வீட்டு எண்ணை யோசித்தேன்.
வரவில்லை.
என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
நான் கைப்பைக்குள்
கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மீட்டருக்கும் ஓர் இரக்கம் உண்டு:
இரவில் வெட்டாது, சனி ஞாயிறும் வெட்டாது.
மைனஸில் ஓடினாலும் பொறுத்திருந்து
திங்கள் காலை பத்து மணிக்கு
டக்.
என் உடம்பும் அதே கம்பெனிதான்.
ஷிப்ட் நாளில் ஒரு தும்மல் வராது;
லீவு நாள் விடிந்தால் காய்ச்சல்.
ஏப்ரலில் எடுத்த நாலு நாளும்
போர்வைக்குள்ளேயே செலவாயின.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
என் சுவர்
விசா ஸ்பான்சர் பெயரில் இருக்கிறது.

போன் அடிக்கிறது. ரோட்டா மேசையிலிருந்து டெப்ரா.
"நாளைக்குக் கிழக்குப் பக்கம் ஆறு வீடு. முடியுமா, லவ்?"
அந்த 'லவ்'வில் காதலும் இல்லை, பொய்யும் இல்லை.
அவளுக்கும் ஆறு வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும்.
நாளை எனக்கு ஓய்வு.
அதற்குள் என் வாய்
'நோ ப்ராப்ளம்' என்பதற்குக் குவிந்துவிட்டது,
மூன்று வருடப் பழக்கம்.
மீட்டர் 0.38 ஆயிற்று.

"முடியாது, டெப்ரா."

ஒரு காரணத்துக்காகத் துழாவினேன்.
பல்வலி, காய்ச்சல், செத்துப்போன ஒரு சித்தப்பா.
எதுவும் சொல்லவில்லை.
மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்.
"சரி லவ். ரலிட்சாவைக் கேட்கிறேன்."

ரலிட்சா.
நேற்று கார் பார்க்கில்
ஸ்டியரிங் மேல் நெற்றி வைத்துக் கிடந்தவள்.
என் முடியாது, செருப்பு மாட்டிக்கொண்டு
அவள் கதவைத் தட்டப் போகிறது.
எடுக்காதே, நீயும் எடுக்காதே என்று அனுப்பினேன்.
இரண்டு டிக். நீலமாகவில்லை.

ஆறு வீட்டிலும் நாளைக் காலை
யாரோ டோஸ்ட்டுக்குக் காத்திருப்பார்கள்.
அதுவும் எனக்குத் தெரியும்.
எப்படிக் கூட்டினாலும்
எங்கோ ஒருவருக்குக் குறைகிறது.

குளிக்கவில்லை. கெட்டிலைப் போட்டேன்.
வெண்ணெயை ஒரே முறை தடவி
நின்றுகொண்டு இல்லை,
நாற்காலியை இழுத்துப் போட்டுத் தின்றேன்.

படிக்குக் கீழே 0.31.
காலை பத்து மணிக்கு
இன்னும் நேரம் இருக்கிறது.