இரண்டாம் பக்கம்

கோணேசபுரி வளாகத்தில் தொழில் வழிகாட்டல் வாரம்.
கொழும்பிலிருந்து வந்த வங்கி அதிகாரி
மின்விசிறியை மீறிக் கத்திக் கேட்டார்:
"ஐந்து வருடத்தில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?"

பின்வரிசையில் றிப்கான்
"கட்டாரில்" என்றான், வாய்க்குள்.
அவனுடைய நானா அங்கே பாரந்தூக்கி ஓட்டுகிறார்.
இவன் கணினி விஞ்ஞானம்.
இருவருக்கும் ஒரே விமானம்தான்.

யதுர்ஷிகாவுக்கு அரச வேலை. எது என்றில்லை.
காலையில் கையெழுத்துப் போட ஒரு புத்தகம்,
இருபத்தைந்தாம் திகதி சம்பளம்.
ஓய்வூதியம் என்ற சொல்லை
இருபத்து மூன்று வயதில்
காதலன் பெயர்போல உச்சரிப்பாள்.
அவளின் அக்கா பட்டம் முடித்து
உள்துறைமுக வீதியில் பதாகையோடு
நாற்பத்தொரு நாள் இருந்தவ.

நான் சனி ஞாயிறுகளில் நிலாவெளியில்
திமிங்கிலம் பார்க்கும் படகுக்குப் பற்றுச்சீட்டு எழுதுகிறேன்.
"இண்டைக்குத் தெரியுமா?" என்பார்கள்.
"சொல்ல ஏலாது. கடல்தானே."
காசு மட்டும் முன்கூட்டியே.
வங்கி அதிகாரிக்கும்
இதையே சொல்லியிருக்கலாம்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.
பஸ் நிலையத்துக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடை.
சுயவிபரக்கோவை, ஒரு பிரதி, இரண்டு பக்கம்.
வெளியே நின்று மிச்சக்காசு எண்ணுகையில்
பின்னாலிருந்து ஒரு மான்
இரண்டாம் பக்கத்தை இழுத்தது.

இந்த ஊர் மான்களுக்கு வெட்கம் கிடையாது.
'குழுவாக இயங்கும் ஆற்றல்' போனது.
'தலைமைத்துவம்' போனது.
'அழுத்தத்தின் கீழும் பணிபுரிவேன்' என்ற இடத்தில்
சற்று நின்று என்னைப் பார்த்தது,
பிறகு அதையும் விழுங்கியது.
என் கையில் மிஞ்சியது கீழ்மூலை:
மேற்கூறியவை யாவும் உண்மையென
உறுதியளிக்கிறேன்.
கையொப்பம். திகதி.

ஓட்டோக்காரர் சிரித்தார்:
"அதுக்காவது பசி போச்சு, தங்கச்சி."

திரும்பவும் கடைக்குள் போனேன்.
வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர்,
மூவர் கையிலும் பென்டிரைவ்,
திரையில் வந்த மூன்றிலும் தலைமைத்துவம்.
என் முறை வந்தது.
"அப்பிடியே அடிக்கவா, ஏதும் மாத்தோணுமா?"

கொஞ்சம் யோசித்தேன்.
ஆற்றல்கள் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன்.
ஒரு வரி மட்டும் போடுங்கோ, தம்பி:
'திமிங்கிலம் வராத நாளிலும்
பயணிகளைக் கோபமில்லாமல் கரைசேர்த்திருக்கிறேன்.'

விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றன.
"அக்கா," என்றான்,
"திமிங்கிலத்துக்கு எந்த ல?"