பதினோராவது தீர்மானம்

மார்ச், இரண்டாம் செவ்வாய்.
நியூ ஹாம்ப்ஷயரில் பனி சேறாகிற பருவம்.
பள்ளி விளையாட்டரங்கில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறது ஊர்.

நூலகக் கூரைக்கு நாற்பதாயிரம் டாலர்
கேட்டு எழுந்தவன் நான்.
பயண நூல்களுக்கு நீல வாளி,
சமையல் நூல்களுக்கு இரண்டு குண்டான்,
எல்லாம் சொன்னேன்.

மார்செல்லா குவிம்பி கை உயர்த்தினாள்.
ஊர்ப் பதிவேடும் கருவூலச் சாவியும் அவளிடம்.
வந்த கடித உறைகளின் முதுகில்
கணக்குப் போடுகிறவள்.
"கடன் வாங்கிக் கூரை போட்டால்
வட்டியும் சேர்ந்துதான் ஒழுகும்."
சிரித்தார்கள்.
நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இவள்தான்
என்னையும் ரோலண்டையும் மணமுடித்துவைத்தவள்.
சட்டம் அமலான முதல் வாரம், ஜனவரிக் குளிர்.
என்ன சொல்வாளோ என்று வாசலில் தயங்கிய எங்களிடம்
"உள்ளே வந்து கதவைச் சாத்துங்கள்,
விறகு என்ன சும்மாவா வருகிறது" என்றாள்.
அதைவிடப் பெரிய வரவேற்பை
பெற்ற வீட்டில்கூட நான் கண்டதில்லை.
கட்டணம் போக மீதி ஐந்து டாலரை,
வேண்டாம் வேண்டாம் என்ற ரோலண்டின்
விரல்களைப் பிரித்து வைத்தாள்.

உன் கட்டிலை எட்டிப் பார்க்காத ஊர்
உன் பணப்பையையும் எட்டிப் பார்க்கக் கூடாது:
அவள் வேதம் மொத்தமும் இதுதான்.
ஓட்டுக் கேட்டு வரும் இரு கட்சிக்காரர்களும்
ஆளுக்குப் பாதிச் சிரிப்போடு படியிறங்குவார்கள்.
முதல் பாதியில் நான் குடியிருக்கிறேன்.
இரண்டாம் பாதியில் மழை பெய்கிறது.

அட்டைகளை எண்ணினார்கள்.
ஆதரவு தொண்ணூற்றேழு.
எதிர்ப்பு நூற்றிரண்டு.
ஆதரவை எண்ணுகையில்
ரோலண்டின் அட்டை அவன் மடியிலேயே கிடந்ததை
ஓரக்கண்ணால் பார்த்திருந்தேன்.
அவன் பட்டறைக்குப் போன வருடம் வரி ஏறியது.
வீடு வரும்வரை
வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

வியாழன் காலை
லாரி மூடும் பழைய தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டு
நூலகத்துக்கு வந்தாள் மார்செல்லா.
"என் சொந்தப் பாய். ஊருக்குச் செலவில்லை."
நன்கொடையா என்றேன்.
முகம் சுளித்தாள்.
"இரவல்.
திருப்பித் தரும் தேதியைக் குத்து."

வெளியே ரோலண்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
இன்னும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.
முத்திரையின் சக்கரத்தைத் திருகி
மையில் ஒற்றி
குத்தினேன்:
அடுத்த மார்ச், இரண்டாம் செவ்வாய்.