அரை சென்டி

காலை எட்டே முக்காலுக்கு
அங்கேரிபாளையம் ரோட்டில்
நின்றபடி ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள்
பதினான்கு வேலைகள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டன.
சாயப்பட்டறையில் நீலம் ஒரு படி கூடிப்போச்சு.
பாலிபேக் ஸ்டிக்கரில் எழுத்துப் பிழை.
பட்டன்காரர் பணத்துக்கு நிற்கிறார்.
ஏனுங் மேடம், ஒரே நிமிசமுங்க.
இப்படித்தான்
நேற்றுப் பகல் முழுவதையும்
சில்லறையாய் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாலை நான்குக்குத் தூத்துக்குடி கிளம்புகிறது கண்டெய்னர்.

காலி அட்டை ஒன்றைக் கிழித்து
மார்க்கரில் பதினான்கையும் எழுதினேன்.
முடித்ததை அடிப்பதுதான் வழக்கம்.
இன்றைக்குத் தொடவே போவதில்லை என்பதையெல்லாம்
முதலிலேயே அடித்தேன்.
பட்டன்காரரை அடிக்கையில் கை கொஞ்சம் கூசியது.
மிஞ்சியது ஒரு சொல்:
கழுத்து.

போனை ஒரு பெட்டிக்குள் போட்டு டேப் ஒட்டினேன்.
சர்ரென்று அது கிழிந்த சத்தத்தில்
திருடியைப் போலச் சுற்றிலும் பார்த்தேன்.

பிறகு அளவு நாடா. டீசர்ட்டின் கழுத்துப் பட்டி.
அரை சென்டிதானே என்று இங்கே விட்டால்
கடல் தாண்டியதும் அதற்கு நாலு லட்சம் விலை.
முதல் நூறு உருப்படி வரை
குக்கரை அணைத்தேனா, வண்டிக்கு ஆயில் மாற்றினேனா
என்று மனசு கலங்கிக் கிடந்தது.
நூற்றைம்பதுக்கு மேல்
மோட்டாரை நிறுத்திய கிணறு மாதிரி
மெல்லத் தெளிந்தது.
தெளிந்ததும் தெரிந்தது:
மூன்றாம் டேபிள், ராமாத்தாள் மிஷின்.
ஊசிக்கு மேலே ஒரு ஸ்குரூ. ஒரு சுற்றுத் தளர்த்தினோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு உருப்படிகளை
நாலு பேர் உட்கார்ந்து பிரித்துத் தைத்தார்கள்.
"ரெண்டு நாளாச் சொல்லோணும்னுதானுங்க இருந்தேன்,
நீங்க ஒரு பக்கம் நின்னாத்தானுங்க"
என்றாள் ராமாத்தாள், நூலைப் பல்லால் கடித்தபடி.

மூன்றே காலுக்குத் தலை நிமிர்ந்தால்
என் பெட்டியைக் காணோம்.
வண்டிக்குள் நானூறு பெட்டிகள், எல்லாம் ஒரே நிறம்.
ஆபீஸ் போனிலிருந்து நான் அடித்துக்கொண்டே இருக்க
சென்னியப்பன் உள்ளே ஏறி
டாக்டர் கணக்காய் ஒவ்வொன்றிலும் காது வைத்தான்.
"இங்கெங்கியோ முனகுதுங்கோவ்!"

முப்பத்தோரு தவறிய அழைப்புகள்.
பட்டன்காரர் ஒன்பது முறை;
சலித்துப்போய் முதலாளியிடமே வாங்கிப் போயிருந்தார்.
ஸ்டிக்கரை யாரோ திருத்தியிருந்தார்கள், யாரென்று இன்றுவரை தெரியாது.
நீலம் நீலமாகவே இருந்தது, நாளைக்கு.
பன்னிரண்டே காலுக்கு இரண்டு அழைப்புகள்
பள்ளிக்கூடத்திலிருந்து.

தன்சிகா சாப்பாட்டு டப்பாவை மறந்திருக்கிறாள்.
"கூப்ட்டேன், நீ எடுக்கல. பிரெண்ட் குடுத்தா."
டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள் ராத்திரி.
கோபம்கூட இல்லை அவளுக்கு.
என் அட்டையில்
அவள் பதினைந்தாவதாகக்கூட இல்லை.

மறுநாளும் போன் பெட்டிக்குள்தான் போயிற்று.
மேலே பெரிதாக எழுதினேன்: ஏற்றாதே.
அதற்கு முன்னால்
அவள் டைரியின் முதல் பக்கத்தில் ஆபீஸ் நம்பர்.
வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை:
இந்தப் பிள்ளை கூப்பிட்டால் மட்டும்
நான் கழுத்தளவில் மூழ்கியிருந்தாலும்
வந்து தோளைத் தொடுங்க.