நாலாயிரத்து இருநூறு

மூன்றாவது கியர், ஏற்றம்,
நாலாயிரத்து இருநூறு சுற்றில் ஒரு மூச்சு தவறுகிறது
என்றார் கிஸ்லர்,
சாவியை மேசையில் வைக்க மனமில்லாமல்
உள்ளங்கையிலேயே மூடிக்கொண்டு.
பியூர்க்லனின் கடைசிப் பட்டறை எங்களுடையது.
அதற்கு மேலே மாடுகள், பனி, கிளவுசன் கணவாய்.

இரண்டே இருக்கை.
முதுகுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே
படுத்துக் கிடக்கிறது ஆறு சிலிண்டர்.
முன்மூடியைத் திறந்தால் பெட்டி வைக்க ஒரு குழி, அவ்வளவுதான்.
எஞ்சினைப் பார்க்க
இருக்கைகளுக்குப் பின்னால் கம்பளம் சுருட்டி, தகடு கழற்றி,
தலைகீழாகத் தொங்க வேண்டும்.
முதுகு வழியே இதயத்துக்குப் போகிறாய் என்பான் டோனி.
டோனிக்கு உவமை அதிகம், வேலை குறைவு.

உருளைகளின்மேல் கட்டி ஏழாயிரம் வரை மிதித்தேன்.
திரையில் முறுக்குவிசைக் கோடு
நன்றாக இஸ்திரி போட்ட சட்டைக்கை.
இருநூற்று அறுபத்தெட்டுக் குதிரை.
பன்னிரண்டு வயதுக் காருக்கு மரியாதையான கணக்கு.
ஆனாலும் பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன்,
காற்றை அளக்கும் சென்சாரைக் கழுவி மாட்டினேன்.

மறுநாள் விடிய, தனியாக மலைக்கு.

ஊரிகன் வளைவுகளில்
பிரேக்கிலிருந்து கால் எடுக்கும் அரை நொடியில்
மூக்கு தானே உள்ளே திரும்பும்.
பின்பாரம் இடுப்பை லேசாக அசைத்து, சரி, போ என்னும்.
ஐயாயிரம் வரை உறுமல்.
அதற்கு மேல் யாரோ கெட்டித் துணியைக்
கிழித்துக்கொண்டே போவது போல.
எங்கே போயிற்று அந்தத் தவறிய மூச்சு?
நாலு முறை ஏறினேன், நாலு முறை இறங்கினேன்.
மூன்றாவது முறையும் நாலாவது முறையும்
தேவைப்பட்டதால் அல்ல.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருகிறது என்றார் போனில்.
எஞ்சினுக்குக் கிழமை தெரியாது ஐயா என்றேன்.
வைத்துவிட்டார்.

காரை எடுத்துப்போக வந்தவள் அவர் மனைவி ரெகுலா.
வழக்கமான பக்கத்தில் ஏறி உட்கார்ந்து,
'இதற்கு என்னைப் பிடிக்காது' என்றாள்.
கேலியாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.
'எடை குறைக்கிறேன் என்று உபரிச் சக்கரத்தைக் கழற்றினார்.
கருவிப் பையைக் கழற்றினார்.
பிறகு என்னைப் பார்த்தார்.'

ஒருமுறை ஓட்டிக் காட்டலாம் என்று கிளம்பினேன்.
தேவாலயம் தாண்டியதும் ஏற்றம்,
மூன்றாவது கியர்,
நாலாயிரத்து இருநூறு.
விக்கியது.

ஓரமாக நிறுத்தினேன். அவளை இறங்கச் சொன்னேன்.
மிதித்தேன், இல்லை.
ஏறச் சொன்னேன். விக்கல்.
பால் வண்டிக்காரன் ஒருவன் எங்களைப் பார்த்தபடியே கடந்தான்.

அவள் இருக்கைக்கு அடியில் ஓடுகிற கம்பிக் கற்றை.
தண்டவாளத்தில் உரசி உரசி உறை கிழிந்து
அரிசியளவு செம்பு தெரிந்தது.
ஆள் உட்கார்ந்தால் இருக்கை தணிந்து அதை அழுத்தும்.
அந்தச் சுற்றில் மட்டும் எஞ்சினுக்கு ஒரு நடுக்கம் உண்டு.
பாரமும் நடுக்கமும் சேர்ந்தால்
ஒரு கண் சிமிட்டலுக்கு மின்சாரம் போய் வரும்.
அறுபது கிலோ யார் உட்கார்ந்திருந்தாலும் இதுதான்.
'அவரிடம் எழுத்தில் கொடுங்கள்' என்றாள்.

உறை போட்டு, கிளிப் அடித்து, பட்டறைக்கு வெளியே கொண்டுவந்தேன்.
சோதிக்க இரண்டாவது இருக்கையில் பாரம் வேண்டும்.
'நீங்கள் உட்காருங்கள்' என்றாள்,
என் பதிலுக்கு முன்பே ஓட்டுநர் இருக்கையை
நாலு பல் முன்னால் இழுத்துக்கொண்டு.

இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு
தகரம் நொறுங்கும் சத்தத்தோடு போனாள்.
நான் முள்ளைப் பார்த்திருந்தேன்,
மூவாயிரத்து எண்ணூறு, நாலாயிரம்,
நாலாயிரத்து இருநூறு,
கடந்தது.
அவள் கவனிக்கவில்லை. வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஊரிகனில் திரும்பச் சொன்னேன்.
கேட்காதது போல் இன்னும் மிதித்தாள்.

பில்: ஒன்றரை மணி நேர வேலை, பதினோரு ஃபிராங்கு டேப்.
இருக்கையை அவள் பின்னால் தள்ளிவைக்கவில்லை.
கிஸ்லர் ஏறும்போது முழங்கால் இடிக்கும்.
அதை நான் எழுதவில்லை.