கொல்லைப் பக்கம்

ரெய்யோ லெஹ்தினென் விழுந்தபோது
அவர் கைவிட்ட கல் இன்னும் போய்க்கொண்டிருந்தது.
பனித்தளத்தில் துடைப்பத்தோடு
அதன் முன்னே தேய்த்துக்கொண்டு ஓடிய இருவரும்
திரும்பிப் பார்க்கவில்லை.
கல் வட்டத்தின் நடுவில் போய் நின்றது.
யாரோ கைதட்டக்கூடச் செய்தார்களாம்.

தண்டர் பே, ஜனவரி, மைனஸ் இருபத்தெட்டு.
நாங்கள் போய்ச் சேர ஏழு நிமிடம்.
தளம் பராமரிக்கும் டைரல்
அதற்குள் மார்பை அழுத்திக்கொண்டிருந்தான்,
எண்ணிக்கையைத் தப்பவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து,
மறுபடி ஒன்றிலிருந்து.

ரப்பர் விரிப்புக்கு இழுத்தோம்.
கம்பளிச் சட்டையைக் கத்தரித்தோம்.
வலது காறையெலும்பின் கீழே ஒரு பட்டை,
இடது விலாவில் ஒன்று.

இதயம் நின்றுவிட்டது என்கிறார்கள்.
நிற்கவில்லை.
ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் ஒரேயடியாகப் பேசுவதுபோல்
இழைக்கு இழை தன் பாட்டுக்குத் துடிக்கிறது.
ஷாக் யாரையும் எழுப்புவதில்லை.
ஒரு கணம் எல்லார் வாயையும் அடைக்கிறது, அவ்வளவுதான்.
பிறகு பழைய குரல் ஒன்று
தானாகப் பேச்சை எடுக்கவேண்டும்.

ஒன்று. கூச்சல்.
இரண்டு. கூச்சல்.
மூன்று.

வாசலில் மூன்று முறை தட்டியாயிற்று.
இந்த ஆறு மாதத்துக்கு எங்களுக்கு விழுந்த சீட்டு:
நான்காவதற்குத் திசையை மாற்று.
டைரல் தோளைப் பிடித்துப் புரட்டினான்.
முதுகு வியர்த்திருந்தது, துடைத்தேன்.
இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு பட்டை,
நெஞ்சில் அதற்கு நேரே இன்னொன்று.
கொல்லைப் பக்கமாகப் போய்த் தட்டினோம்.

அமைதி.
பிறகு ஒரு குரல்.
தயங்கி, இன்னொரு தடவை.

போன ஆகஸ்டில்
ரெட் ரிவர் சாலைப் பேருந்து நிறுத்தத்தில்
இர்மா கோவல்சுக்.
அப்போதைய சீட்டில் இருந்தது: மாற்றாதே.
ஆறு முறை. ஒரே வாசல்.
எது நல்லது என்று அன்றைக்கு
யாருக்கும் தெரியாது என்பது உண்மை.
தெரிந்துகொள்ளத்தான் சீட்டு என்பதும் உண்மை.
அந்த உண்மையை அவள் கணவரிடம் நான் சொல்லவில்லை.
அவர் கேட்கவும் இல்லை.
அவள் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

மார்ச் கடைசியில் ரெய்யோ நிலையத்துக்கு வந்தார்,
ஏலக்காய் மணக்கும் ரொட்டியோடு,
கொஞ்சம் மெலிந்து.
நன்றி என்றெல்லாம் சொல்லிவிட்டு
படி இறங்கும்போது கேட்டார்:
என் கல் எங்கே நின்றது?

நடுவில், என்றேன்.
நான் அதைப் பார்க்கவே இல்லை.