நிலுவை இல்லை

மே முப்பத்தொன்று. பிள்ளைகள் இல்லாத பள்ளி.
பணி நிறைவை அரசாங்கம் இப்படித்தான் வைக்கிறது,
கைதட்ட ஆளில்லாத மாதத்தில்.
நகரி மூக்குமலை மேல் ஒரு மேகம்
வருகிறேன் என்று சொல்லிவிட்டு
ஆந்திராப் பக்கமே நின்றுவிட்டது.

நான் இளநிலை உதவியாளர்.
நூலகம், ஆய்வகம், விளையாட்டு, பண்டகம்,
கட்டத்துக்குக் கட்டம் "நிலுவை இல்லை" என்று
கையெழுத்து வாங்கினால்தான்
எத்திராஜுலு சாரின் ஓய்வூதியக் கோப்பு நகரும்.

ஒன்று மட்டும் இடித்தது.
இருப்புப் பதிவேடு, பக்கம் நாற்பத்தொன்று:
கரும்பலகைக் கவராயம், மரம், ஒன்று.
பெற்றவர் தெ. எத்திராஜுலு, கணிதம், தெலுங்கு வழி.
பன்னிரண்டு, ஏழு, தொண்ணூற்றாறு.
திரும்பி வந்ததாக எழுத்து இல்லை.

"விலை எவ்ளோ போட்டிருக்கு?"
"முப்பத்தெட்டு ரூபா சார்."
ஐம்பதை எடுத்து மேசையில் வைத்தார்.
வாங்க முடியாது. ரசீதுக்குத் தலைப்பு இல்லை.

தமிழ் வழி ஒன்பதுக்கும் அவர்தான் கணக்கு.
சூத்திரம் தமிழில் வரும்.
பெருக்கும்போது மட்டும் உதடு எல்லை தாண்டும்,
ஏடு எனிமிதுலு யாபையாறு என்று முனகி
விடையோடு திரும்பி வருவார்,
சித்தூர் போய்ச் சாமான் வாங்கி வந்தவர் மாதிரி.
வட்டம் போட நூலும் சுண்ணக்கட்டியும்.
இத்தனை வருடமும் நூல்தான்.
ஏன் நூல் என்று யாரும் கேட்டதில்லை,
நானும்தான்.

தேசம்மாவிடம் விசாரித்தேன்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து
"வா மேடம்" என்று பின்கட்டுக்கு நடந்தார்.
பெண்பிள்ளைகள் கழிப்பறை.
என்னை உள்ளே விட்டுத் தானும் வந்து
கதவை இழுத்துச் சாத்தினார்.

இரண்டு இரும்பு வளையம். குறுக்கே கவராயம்.
முள்கால் எப்போதோ முறிந்து
சுண்ணக்கட்டிக் கால் மட்டும்
புளியங்கொட்டை மாதிரி வழவழத்து,
எத்தனை கை பட்டதோ.

"தாப்பா கேட்டு எழுதினாங்க, எழுதினாங்க.
பிள்ளைங்க மத்தியானமே வூட்டுக்கு ஓடிச்சுங்க.
சாரு இத்தக் கொண்டாந்து குடுத்தாரு.
தொண்ணூத்தேழுலேந்து இதான் போட்டுக்கினு போவுது."

தாழ்ப்பாள் கோப்பு எனக்குத் தெரியும்.
பதினொரு நினைவூட்டுக் கடிதம்.
கடைசி மூன்றில் ஓரத்தில் இருப்பது
என் சுருக்கொப்பம்.

மேசைக்கு வந்து பக்கம் நாற்பத்தொன்றில் எழுதினேன்:
உள்ளது. பயன்பாட்டில்.
ஐம்பது ரூபாயை அவர் சட்டைப்பையில் செருகினேன்.
ஒன்றும் சொல்லவில்லை அவர்.
மின்விசிறியைப் பார்த்தார்.

விழாவில் பொதட்டூர்ப்பேட்டைச் சால்வை, ஒரு தட்டு மாம்பழம்.
தமிழில் பேசத் தொடங்கியவர்
பாதியில் தெலுங்குக்குப் போனதை
எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.
மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர் மட்டும்
என் பக்கம் குனிந்து
"என்ன சொல்றார்?" என்றார்.
நன்றி சொல்கிறார் என்றேன்.
உண்மையில், போர் மோட்டார் ஸ்விட்ச் ஷாக் அடிக்கிறது,
கட்டையால் தட்டுங்கள் என்று
சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுத்
தேசம்மா அலுவலகத்துக்கு வந்தார்.
முட்டி முடியவில்லை, அவருக்கும் இன்றோடு சரி.
பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளம்,
ஆணை இல்லை, கோப்பு இல்லை,
வயதுகூட எங்கும் எழுதப்படவில்லை.
சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.
"நான் எங்க மேடம் கையெழுத்துப் போடணும்?"

பீரோவில் அத்தனை படிவமும் தேடினேன்.
பிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுத்தேன்.

அடியில், வலது ஓரத்தில்,
தெலுங்கில் தன் பெயரை எழுதினார்.
மூன்று எழுத்து. ஊன்றி எழுதியதில்
பின்பக்கம் தடவினால் தட்டுப்படுகிறது.

மேலே நான் இன்னும் எதுவும் எழுதவில்லை.