மூன்று டெசிபல்

சேதராப்பட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் மாடி.
நான்கு பேர், ஒரு ஏசி, ஒரு சிப்:
சுண்டுவிரல் நகத்தில் பாதி.
அதற்குள் வெளிச்சம்
வளைந்து வளைந்து போகும், சிந்தாமல்
(வரைபடத்தில்).

செய்து தர ஆள் தேடுகிறோம்.

தைவான்காரர் கேட்டார்: மாதம் எத்தனை ஆயிரம் வேஃபர்?
வருஷத்துக்கு ஆறு, என்றேன்.
லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.
இல்லை, அவர் அங்கேதான் இருந்தார்.

நெதர்லாந்தில் அன்பாகப் பேசினார்கள்.
மற்றவர் சிப்புகளோடு ஓர் ஓரம் ஒதுக்குவார்களாம்,
ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்து இடம் மாதிரி.
முன்பணம், எங்கள் இரண்டு வருஷச் சம்பளம்.

பெங்களூரு "மீட்டிங் வைப்போம்" என்றது.
எட்டு மாதமாய் வைத்துக்கொண்டே இருக்கிறது.

கையிலிருந்த ஒரே மாதிரிச் சிப்பை எடுத்துக்கொண்டு
தட்டாஞ்சாவடியில் காதுக் கருவி செய்யும்
பெலிசித்தாவிடம் போனேன், கண்ணாடி நாரை ஒட்ட.
மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:
எவ்வளவு நகர்ந்தால் கெடும்?
அரை மைக்ரான்.
லாரி போனாலே மேசை அதைவிட ஆடும்.
ராத்திரி பதினொன்றுக்கு மேல் வாங்க.

பசை, ஊதா விளக்கு, நாற்பது நொடி.
மூச்சை யார் முதலில் விடுவது என்று தெரியவில்லை.
மீட்டரில் இழப்பு மூன்று டெசிபல்:
பாதி வெளிச்சம் வாசலோடு போயிற்று.
பாதி
உள்ளே வந்துவிட்டது.

நோட்டில் மூன்று பெயர்களுக்குக் கீழே
அவள் பெயரை எழுதி, பக்கத்தில் 'பங்காளி' என்றேன்.
வரப்புத் தகராறு வாடை அடித்தது.
அடித்துவிட்டுக் 'கூட்டாளி' ஆக்கினேன்.

அவளிடம் இன்னும் கேட்கவில்லை.